'பயணிகள் யாரும் இல்லையே' என்பது பதில் ஆகாது

தில்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில், 2025 அக்டோபர் 28 அன்று, விமானத்திலிருந்து சில மீட்டர் தொலைவில், பயணிகளை விமானத்துக்கு ஏற்றிச் செல்லும் பேருந்து ஒன்று எரிந்தது. அது ஏன் எரிந்தது, அதன் பராமரிப்பு எப்படி இருந்தது என்று கேட்டு நான் நேற்று எழுதிய நான்கு வரிகளுக்குக் கீழே, "அதில் பயணிகள் யாரும் இல்லையே, எதற்கு இந்தப் பதற்றம்?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டிருக்கிறீர்கள். இரவு முழுவதும் அந்தக் கேள்வி மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்த நீண்ட பதிவு.

பேருந்து காலியாக நின்றிருந்தது, நிலையத்தின் தீயணைப்பு வீரர்கள் ஓரிரு நிமிடங்களில் தீயை அணைத்துவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. அந்த வீரர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. ஆனால் பேருந்து ஏன் எரிந்தது என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் பதில் ஆகாது. இன்னொரு வேளையில் அதே வண்டிக்குள் கைக்குழந்தைகளோடும் பைகளோடும் மக்கள் நெருக்கியடித்து நின்றிருப்பார்கள். பேருந்து காலியாக இருந்தது நமது நல்வாய்ப்பு. அதைப் பராமரிப்பின் தரத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது. விசாரணை முடியும் முன் பராமரிப்புக் குறைபாடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, நேற்றும் சொல்லவில்லை. 'யாருக்கும் காயமில்லை' என்ற சொல்லோடு பேச்சை முடித்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் பதினோரு ஆண்டுகள் ஒரு விமான நிலையத்தில், விமானங்களுக்குத் தரையில் உதவும் வண்டிகளைப் பழுதுபார்க்கும் தரைக் கருவிப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன். அங்கே ஓடும் பேருந்து ஊருக்குள் ஓடும் பேருந்தைப் போன்றதன்று. அது ஒரு நாளில் கடக்கும் தூரம் மிகக் குறைவு. ஆனால் ஏசியை ஓடவிட்டபடி மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உறுமிக்கொண்டு நிற்கும். கிலோமீட்டரைப் பார்த்தால் புது வண்டிபோலத் தெரியும். என்ஜின் ஓடிய மணிநேரத்தைப் பார்த்தால்தான் அதன் உண்மையான வயது தெரியும். வயர் உறை இறுகி வெடிப்பதும், டீசல் குழாய் கசிவதும் அந்த மணிக்கணக்கில்தான் நடக்கின்றன.

ஒரு நாள் இரவு, பயணிகள் இறங்கும் படிக்கட்டு வண்டி ஒன்றில், தரையில் ஊன்றும் நான்கு ஜாக்கிகளில் ஒன்று எண்ணெய் கசிந்து தளர்ந்துகொண்டிருந்தது. 'ஓட்டக் கூடாது' என்பதற்கான சிவப்பு அட்டையைக் கட்டி ஓரமாக நிறுத்தினேன். அடுத்தடுத்து இரண்டு விமானங்கள் வந்ததும் அட்டையைக் கழற்றிவிட்டு வண்டியை எடுத்துச் சென்றார்கள். பேரக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பாட்டி மேல் படியில் கால் வைத்த நொடியில் வண்டி ஒரு பக்கமாக அமிழ்ந்தது. அவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டதால் விழவில்லை. மறுநாள் நான் புகார் எழுதிக் கொடுத்தபோது மேலதிகாரி அதைப் படித்துக்கூடப் பார்க்காமல், "யாருக்கு என்னய்யா ஆச்சு இப்ப?" என்றார். நேற்று உங்களிடமிருந்தும் அதே கேள்வி வந்தது.

சாலையில் ஓடும் பேருந்துகளும்தானே எரிகின்றன என்கிறார் ஒருவர். எரிகின்றன, அதற்காக இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? விமானப் பயணம்தான் மிகவும் பாதுகாப்பானது என்கிறார் இன்னொருவர். அதை நான் மறுக்கவில்லை. விமானத்தில் ஒரு குறை பதிவானால், உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிடாமல் அது கிளம்பாது. விமானியும் எடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். படிக்கட்டு வண்டிக்கும் பேருந்துக்கும் அப்படி மறுத்துச் சொல்லும் ஆள் யார்? நாங்கள் கட்டிய சிவப்பு அட்டையைக் கழற்ற ஒரு கைபேசி அழைப்பு போதுமானதாக இருந்தது.

மும்பையில் 2022 ஜனவரியில், ஜாம்நகர் செல்லவிருந்த விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் டிராக்டர் அதன் பக்கத்திலேயே தீப்பற்றியது. விமானத்தில் 85 பேர் இருந்தார்கள். அன்றும் காயமில்லை, அன்றும் பேச்சு அத்தோடு முடிந்தது. பாங்காக்கின் டான் மியாங் நிலையத்தில் 2023 ஜூனில் 57 வயதுப் பெண் ஒருவரின் கால் நகரும் நடைபாதைக்குள் சிக்கி, முழங்காலுக்கு மேல் துண்டிக்கப்பட்டது. அது 1996 முதல் ஓடிக்கொண்டிருந்த நடைபாதை. ஒருவருடைய கால் போன பிறகுதானா அந்த ஆண்டுக் கணக்கை நாம் எடுத்துப் பார்க்க வேண்டும்?

இவையெல்லாம் வேலையை விட்டு வந்தவனின் கசப்பு என்று எழுதியிருக்கும் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். கசப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் 'வண்டியை நிறுத்துகிறவன்' என்றே என்னை அழைத்தார்கள். ஒருவரும் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. இன்றும் ஏதோ ஒரு பணிமனையில் என்னைப் போன்ற ஒருவர் கசியும் குழாயைக் காட்டி 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். நீங்கள் கேட்கும் இந்தக் கேள்வியைக் கொண்டுதான் அவருடைய வாயையும் அடைப்பார்கள், தம்பி.

எரிந்த பேருந்து கடைசியாக எந்த நாளில் பணிமனைக்கு வந்தது, ஓட்டுநர்கள் அதைப் பற்றி என்ன புகார் எழுதியிருந்தார்கள், அந்தப் புகார்களைத் தீர்ந்ததாக முடித்து வைத்தவர் யார் என்ற விவரங்களை உரியவர்கள் வெளியிடட்டும். எல்லாம் ஒழுங்காக இருந்ததென்று தெரியவந்தால், நேற்று எழுதிய நான்கு வரிகளையும் இதே இடத்தில் நானே திருத்தி எழுதுகிறேன்.