பாக்கெட்டில் போட்ட சலுகையை யார்தான் தருவது?

சோப்புத்தூள் பாக்கெட்டின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் "வாளி இலவசம்". பின்பக்கம் கடுகளவு எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், "இருப்பு உள்ளவரை மட்டும்". முன்பக்கத்தை நம்பித்தானே வழக்கமாக வாங்கும் சோப்புத்தூளை விட்டுவிட்டு இதை எடுக்கிறோம்!

பாளையங்கோட்டையில் நான் வாங்கிய பையில் வாளியின் படம் இருந்தது, வாளி இல்லை. கேட்டால் கடை அண்ணாச்சி, "ஏஜென்சிக்காரன் இறக்கலையே, நான் எங்க போவேன்?" என்கிறார். ஏஜென்சியில், கம்பெனியே அனுப்பவில்லையாம். கம்பெனிக்குப் போன் போட்டால், "வாங்கின கடையிலேயே கேளுங்க" என்கிறார்கள். பொறுப்பை ஏற்க ஒருவருமில்லை. பணம் மட்டும் மூன்று பேருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அண்ணாச்சி மேல் எனக்குக் கோபமில்லை. 10 ரூபாய்க் கூப்பனைக் கொண்டுபோனால் அவர் தன் கல்லாவிலிருந்துதான் கழிக்கிறார். அந்தப் பணம் கம்பெனியிடமிருந்து அவருக்குத் திரும்ப வந்து சேர மாதக்கணக்காகிறது. பிறகு கூப்பனை நீட்டினால் முகம் ஏன் கோணாது? ஆனால் பாக்கெட்டோடு ஒட்டிவந்த டப்பாவைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அது பச்சைத் திருட்டு.

குலுக்கலில் பரிசு என்று வரும் கூப்பன் கதை இதைவிட மோசம். 1979-ஆம் ஆண்டின் பரிசுத் திட்டத் தடைச் சட்டம் இங்கே இருப்பதால், "தமிழ்நாட்டில் செல்லாது" என்று ஒரு மூலையில் போட்டுவிடுகிறார்கள். ஆசை காட்டிப் பொருளைத் தலையில் கட்டக் கூடாது என்றுதான் அந்தச் சட்டமே. எனக்கு அதில் குறையில்லை. ஆனால் இங்கே கிடைக்காத பரிசின் படம் போட்ட பாக்கெட்டை வள்ளியூரிலும் அம்பாசமுத்திரத்திலும் ஏன் தொங்கவிட வேண்டும்? முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றுகிற பெண்கள், ஏதோ கொஞ்சம் மிச்சமாகும் என்று கையிலிருப்பதைத் திரட்டிப் பெரிய பாக்கெட்டாக வாங்குகிறார்கள். அவர்களை ஏமாற்றித்தான் இந்தக் கம்பெனிகளுக்கு விற்பனை கூட வேண்டுமா? வயிறு எரிகிறது.

விதி இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருளின் மேலுறையும் லேபிளும்கூட விளம்பரம்தான். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள், சலுகை எந்த மொழியில் இருக்கிறதோ நிபந்தனையும் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. போதிய இருப்பு இல்லாமல் ஆசை காட்டவும் கூடாது. தமிழில் "இலவசம்" என்று போடத் தெரிந்தவர்களுக்கு நிபந்தனையைத் தமிழில் போட மட்டும் கை வராதா?

"போகட்டும், ஒரு வாளிதானே" என்று நாம் விட்டுவிடுவதில்தான் இவர்களின் லாபமே இருக்கிறது. விடாதீர்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள், பாக்கெட்டை இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணமே கிடையாது.