ஒட்டடைக்கு வக்காலத்து

(ஸ்டூல் மேல் பேரன், கையில் ஒட்டடைக் குச்சி. கீழே பாட்டி. கால் மணி நேரமாக ஒரு நூல்கூட அறுந்தபாடில்லை.)

பாட்டி: ஏன்டா, கொடி பிடிக்கிற மாதிரி நிற்கிறாய்? அடிடா!

பேரன்: மனசு வரவில்லை பாட்டி. எடைக்கு எடை பார்த்தால் இது எஃகைவிட உறுதி, தெரியுமா?

பாட்டி: நேற்று என் மூக்கில் பட்டு அறுந்ததே? அப்போ என் மூக்கு எதில் செய்தது?

பேரன்: அது தலைமுடியைவிட மெல்லிசு பாட்டி, அதனால்தான். மடகாஸ்கரில் ஒரு சிலந்தி ஆற்றுக்குக் குறுக்கே 25 மீட்டர் நூல் இழுத்து, நடுவில் வலை கட்டுகிறது!

பாட்டி: கட்டட்டும். அங்கே ஒட்டடை அடிக்கச் சொல்லி உன்னை யாரும் கூப்பிடவில்லையே.

பேரன்: இன்னொன்று வலையே பின்னாது. பொலாஸ் சிலந்தி என்று பேர். ஒரே ஒரு நூல், நுனியில் பசை உருண்டை. பெண் அந்துப்பூச்சியின் வாசனையை அதுவே தயாரித்து வீசும். ஆண் பூச்சி மயங்கிப் பறந்து வரும். உருண்டையைச் சுழற்றி ஒரே போடு!

பாட்டி: ஐயோ பாவம். உன் தாத்தா இருந்திருந்தால் அந்தப் பூச்சிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பார்.

பேரன்: கருவி செய்வது மனிதன் மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1960இல் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால், ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் கோம்பே காட்டில் பார்க்கிறார். ஒரு சிம்பன்சி குச்சியில் இருந்த இலையை உருவிவிட்டு, கரையான் புற்றுக்குள் நுழைத்து, ஒட்டி வந்த கரையானைத் தின்கிறது.

பாட்டி: பார்த்தாயா, அது கையில் குச்சி வந்ததும் வேலை நடந்திருக்கிறது.

பேரன்: (காதில் வாங்காமல்) பசிபிக் கடலில் இருக்கிற நியூ கலிடோனியா தீவில் காகம் குச்சியில் கொக்கியே செய்யும். தையல்சிட்டு இருக்கிறதே, அது இலையை மடித்துக் கூடு தைக்க நார், பஞ்சு, சிலந்தி நூல் என்று கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொள்ளும்.

பாட்டி: ஓ, அது வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான் ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாயா?

பேரன்: இல்லை பாட்டி... தோட்டத்தில் வட்டமாகப் பின்னுகிற சிலந்திகளில் பல, பழைய வலையைத் தானே தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னும். புரதம் வீணாகாது.

பாட்டி: அப்போ இதை ஏன் தின்னாமல் விட்டிருக்கிறது?

பேரன்: இது வேறு வகை. வீட்டு மூலையில் பின்னும், தூசி படிந்தால் அப்படியே போட்டுவிட்டு வேறு மூலைக்குப் போய்விடும்.

பாட்டி: சரி சரி. காலையில் நீ சாப்பிட்ட தட்டும் அப்படியேதான் மேஜையில் கிடக்கிறது. அதை முதலில் எடு, அப்புறம் ஸ்டூலில் ஏறு.