‘ஹஷ்’ முழுக்க மௌனம் அல்ல

அண்ணா, ‘பஃபி’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி, “பஃபி தொடரின் ‘ஹஷ்’ எபிசோடில் ஒரு வசனம்கூடக் கிடையாது, எம்மி விருதும் வாங்கியது, மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் கிரியோல் மட்டும் பேசும் பெரியவர்களுக்கும் அப்படியே போட்டுக் காட்டலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தகவலுமே சரியல்ல.

1999 டிசம்பரில் வந்த அந்த எபிசோட் சுமார் 44 நிமிடம். அதில் வசனம் இல்லாதது ஏறக்குறைய 27 நிமிடம்தான். ஊரார் குரல் பறிபோவதற்கு முன் எல்லோரும் சரளமாகப் பேசுகிறார்கள். தொடக்கத்தில், கனவில் ஒரு சிறுமி பாடும் பாட்டைக் கவனியுங்கள். கத்தவும் முடியாது, அழவும் முடியாது என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த வரிகள் புரிந்தால்தான், குரலைப் பறிக்கும் ‘ஜென்டில்மென்’ என்ற பேய்கள் சிரித்துக்கொண்டே மிதந்து வரும்போது வயிற்றைப் பிசையும்! மௌனப் பகுதியிலும் ஆங்கிலம் உண்டு: பலகையில் எழுதித்தான் பேசிக்கொள்கிறார்கள், பஃபியின் வழிகாட்டி ஜைல்ஸ் புரொஜெக்டரில் படம் போட்டு விளக்குகிறார் (எனக்கு மிகப் பிடித்த காட்சி).

அப்புறம் எம்மி. எபிசோடை எழுதிய ஜாஸ் வீடனின் எழுத்துக்குப் பரிந்துரைதான் கிடைத்தது, விருது இல்லை. தொலைக்காட்சித் திகிலில் இதற்கு இணை குறைவு என்பதில் நானும் உங்கள் கட்சிதான். பெரியவர்களுக்குக் காட்டும்போது, பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்களுக்காகப் பிரெஞ்சு சப்டைட்டில் போடுங்கள், பலகையில் இருப்பதை யாராவது பக்கத்திலிருந்து கிரியோலில் சொல்லட்டும்.