துக்க வீட்டில் வாங்கிய கையெழுத்து

டிப்பர் மோதி இறந்த அந்தத் தம்பியைப் பற்றி நீங்கள் எல்லோரும் எழுதிவிட்டீர்கள். நான் அவருடைய மனைவிக்காக எழுதுகிறேன். எட்டாம் நாள் கடமைகூட முடியாத வீட்டில், ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்திருக்க, வாகனச் சொந்தக்காரரின் ஆட்கள் காசைக் கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதி நீட்டிய கடதாசியில் அந்தத் தங்கை கையெழுத்து வைத்திருக்கிறார். அதைச் 'சமாதானம்' என்று பாராட்டும் பதிவுகளைக் கண்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. துக்க வீட்டில் கையெழுத்து வாங்காதீர்கள்.

காசை வாங்கினால் பொலிஸ் வழக்கும் முடிந்துவிடும், கோடு கச்சேரி என்று அலைய வேண்டியதில்லை என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையல்ல. கவனயீனத்தால் மரணம் விளைவிப்பது இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். அந்த வழக்கை நடத்துவது அரசு. குடும்பம் காசு வாங்கியதால் மட்டும் அது இல்லாமற் போவதில்லை. குடும்பத்தின் கையில் இருப்பது வேறு வழி: மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. சாரதிக்குத் தண்டனை கிடைக்கும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் தொடுத்தாக வேண்டும். "இனி எந்த உரித்தும் கோரமாட்டேன்" என்று எழுதிய கடதாசி அடைக்கப் பார்ப்பது இந்த வழியைத்தான்.

என் பெரியப்பா கல்முனை வீதியில் பஸ் மோதி இறந்தபோதும் இப்படித்தான் நடந்தது. பெரியம்மாவுக்கு வாசித்துக்கூடக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார்கள். பிள்ளைகள் வளர்ந்து ஒரு சட்டத்தரணியிடம் போனபோது அவர் முதலில் கேட்டது மரணம் நடந்த திகதியை. அதைக் கேட்டதும் கோவையை மூடிவிட்டார்.

வழக்குப் போட்டால் செத்தவர் திரும்பி வருவாரா என்று கேட்கிறீர்கள். வரமாட்டார் என்பது அவருடைய மனைவியைவிட உங்களுக்கா அதிகம் தெரியும்? மருத்துவக் கவனயீனத்தால் இறந்ததாகக் கூறப்பட்ட ஒரு பிள்ளையின் வழக்கில், பெற்றோர் தமது மனத்துயருக்கு நட்டஈடு கோர முடியாது, பண இழப்புக்கு மட்டுமே கோரலாம் என்று 2001இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிலையை மாற்ற 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. அன்பையும் பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்கும் இன்று நட்டஈடு கேட்கலாம். நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட இழப்பைப் 'பேராசை' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சாரதியும் ஏழைதான் என்கிறீர்கள். அது நியாயமான கவலை. அதற்காகத்தான் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் ஓடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. வழக்குத் தொடுக்கும்போது காப்புறுதி நிறுவனத்துக்கும் முறைப்படி அறிவித்தால், தீர்ப்புப் பணத்துக்கு அந்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிவரும்.

வழக்குப் பேசக் காசில்லை என்பவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. பொலிஸ் காவலில் நேர்ந்த மரணமென்றால் அவகாசம் இன்னும் குறைவு: அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம். முப்பத்தொன்று முடியட்டும் என்று இருந்தால் அந்த மாதமே போய்விடும்.

என்னை ஊரைக் குழப்புகிறவன் என்று எழுதியவர்களுக்கு நான் வேறு பதில் சொல்லப்போவதில்லை. அன்று அந்த வீட்டில் இருந்த பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன்: அந்தத் தங்கை கையெழுத்து வைத்த கடதாசியின் பிரதி ஒன்றை வாங்கி, இந்தக் கிழமைக்குள் அவர் கையில் கொடுங்கள். ஒரு சட்டத்தரணி அதை வாசிக்கட்டும்.