அல்ட்ராசவுண்ட் படிக்க வருகிறவர்களுக்கு: மெஷின் பாதி வேலைதான் செய்யும்

"அல்ட்ராசவுண்ட் டெக்னாலஜிஸ்ட் ஆகலாம்னு இருக்கேன், ஸ்கோப் இருக்கா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்கிறார்கள். கதிர்வீச்சு இல்லை. ப்ரோபை, அதாவது ஒலி அலைகளை உடம்புக்குள் அனுப்பி எதிரொலியை வாங்கும் கைக்கருவியை, வைத்தால் படம் வந்துவிடும், வேலை சுலபம். முதலாவது உண்மை. இரண்டாவதை நம்பி வந்துவிடாதீர்கள்.

சிடி ஸ்கேனில் அந்தப் பகுதி முழுவதும் பதிவாகிவிடும். டாக்டர் அப்புறம் நிதானமாகத் தேடிக்கொள்ளலாம். இங்கே ப்ரோபை எந்தக் கோணத்தில் சாய்க்கிறோமோ, அந்த மெல்லிய வெட்டு மட்டும்தான் திரையில் தெரியும். நாம் எடுத்துக் கொடுத்த படங்களை வைத்து ரிப்போர்ட் எழுதுகிற ரேடியாலஜிஸ்டுக்கு, நாம் பார்க்காமல் விட்ட இடம் இல்லாத இடம்தான். பித்தப்பையின் கழுத்தில் ஒரு சின்னக் கல் ஒளிந்திருக்கும். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்க வைத்துப் பார்க்கத் தோன்றுகிறவர் அதைப் பிடித்துவிடுவார். தோன்றாதவர் நாலு 'நார்மல்' படத்தைச் சேமித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். இருவர் கையிலும் இருப்பது அதே மெஷின்தான்.

இயற்பியலைப் பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வரும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாம் பெரும்பாலும் வேலை செய்வது 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸில். அதிர்வெண் கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் ஒலி ஆழத்துக்குப் போகாது. அதனால்தான் தைராய்டுக்கு ஒரு ப்ரோப், கல்லீரலுக்கு இன்னொன்று. ஒலி எல்லாத் திசுவிலும் விநாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டுதான் மெஷின் ஆழத்தைக் கணக்குப் போடுகிறது. உடம்பு அதற்குக் கட்டுப்படாத இடங்களில் இல்லாதது தெரியும், இருப்பது இடம் மாறித் தெரியும். ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் முறையில், ஒலிக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 டிகிரியைத் தாண்டினால் வரும் வேகத்தை நம்ப முடியாது. ஆனாலும் மெஷின் ஏதோ ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். அதைத் தூக்கிப் போடத் தெரிய வேண்டியது நமக்கு.

கருவி மட்டும் போதாது, அதைப் புரிந்த ஆளும் வேண்டும் என்பதைத்தான் இந்தத் துறை பிறந்த கதையும் சொல்கிறது. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கொண்டு கட்டிகளைச் சோதித்துப் பார்த்தார். டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் கூடச் சேர்ந்த பிறகுதான் அது ஆட்களைப் படுக்க வைத்துப் பார்க்கும் ஸ்கேனராக உருமாறியது. 1958இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அவர்கள் கட்டுரையில் மருத்துவர் ஜான் மக்விகாரோடு பிரவுனின் பெயரும் இருக்கிறது.

பாடத்திட்டத்தில் சரியாகச் சொல்லித்தராத விஷயம் ஒன்று உண்டு. கர்ப்பிணி சிரித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதயத் துடிப்பு தெரியாது. முடிவைச் சொல்லும் உரிமை பல இடங்களில் டெக்னாலஜிஸ்டுக்குக் கிடையாது. "குழந்தை நல்லா இருக்கா?" என்று கேட்பார், பொய்யும் சொல்லக்கூடாது, முகமும் மாறக்கூடாது. "டாக்டர் வந்து பார்த்துச் சொல்வாங்க" என்பதைச் சாதாரணக் குரலில் சொல்வதற்கு எனக்கு வருடங்கள் ஆயின. இது எல்லோருக்கும் ஒத்துவராது. ஒத்துவராவிட்டால் அதில் வெட்கமும் இல்லை. குழந்தைப் படங்களுக்காக மட்டும் இந்த வேலைக்கு ஆசைப்படுபவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளட்டும்.

அடுத்து தோள்பட்டை. கையை உடலிலிருந்து தள்ளி நீட்டி, ப்ரோபை அழுத்திப் பிடித்து, கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்க்கிற வேலை இது. இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் எடுத்த ஆய்வுகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வலியோடு ஸ்கேன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிலை உயர்த்துங்கள், நோயாளியை உங்கள் பக்கம் நகர்ந்து படுக்கச் சொல்லுங்கள். முதல் நாளிலிருந்தே. கூட்டம் அதிகம், நேரமில்லை என்று இதை விட்டவர்கள் இப்போது பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஏஐ வந்து வேலையைப் பறித்துவிடுமா என்றும் கேட்கிறார்கள். அளவெடுப்பதை அது வேகமாகச் செய்யும், செய்யட்டும். குடல் காற்று மறைக்கும்போது எந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்ப்பது என்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

படிப்பில் சேரும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டில் ப்ரோபைப் பிடிப்பது யார்? அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் ஸ்கேன் செய்வதே பெரும்பாலும் டெக்னாலஜிஸ்டுகள்தான். இந்தியா உட்பட பல நாடுகளில் டாக்டர்தான் செய்கிறார். டெக்னாலஜிஸ்ட் உதவியாக நிற்கிறார். இது தெரியாமல் சேர்ந்து ஏமாந்தவர்கள் உண்டு. அப்புறம், உண்மையான நோயாளிகள் மேல் எத்தனை மணி நேரம் ஸ்கேன் செய்யப் பயிற்சி தருவார்கள் என்று கேளுங்கள். கட்டடத்தையும் மெஷினையும் மட்டும் சுற்றிக்காட்டிவிட்டு இதற்கு மழுப்பினால், அங்கே பணம் கட்டாதீர்கள்.