ஒரு வேளை மாத்திரை, அதற்கப்புறம் ஏச்சு

ஒரு டாக்டர் போட்ட அந்தக் காணொளியின் சுட்டியை இங்கே ஒட்டப் போவதில்லை. ஏற்கெனவே கிடைத்த பார்வைகள் போதும் அதற்கு. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும், என் டைம்லைன் முழுக்க அதுதான் ஓடுகிறது. "ஒரே டோஸ், ஒரே ராத்திரி, வெள்ளைப்படுதல் க்ளோஸ்." அதோடு விட்டிருந்தால்கூட நான் பாட்டுக்குக் கடந்து போயிருப்பேன். கீழே ஒரு பெண், ரொம்பத் தயங்கித் தயங்கி, "அந்த மாத்திரை சாப்பிட்ட பிறகும் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறதே டாக்டர்" என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்: "முதலில் சுத்தமாக இருக்கப் பழகுங்கள் சகோதரி." பக்கத்தில் ஒரு கும்பிடு எமோஜி வேறு. அதன் கீழே விழுந்த சிரிப்புகளைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றை டோஸ் மருந்துக்கு நான் எதிரி இல்லை. அது வேலை செய்கிற இடத்தில் அருமையாக வேலை செய்கிறது. என் சண்டை வேறு. என்ன தொற்று என்றே பார்க்காமல் மருந்தைக் கொடுப்பீர்கள், அது கேட்கவில்லை என்றால் அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்கள். அதுதான் சண்டை.

அங்கே அரிப்பு, எரிச்சல், வாடை, வெள்ளைப்படுதல் என்று வந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பூஞ்சைத் தொற்று, அதாவது காண்டிடா. அப்புறம் பாக்டீரியல் வஜைனோசிஸ். மூன்றாவது டிரைகோமோனாஸ் என்கிற ஒட்டுண்ணி. ஒன்று பூஞ்சை, ஒன்று பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது, ஒன்று உடலுறவில் தொற்றும் ஒருசெல் உயிரி. மூன்றுக்கும் மருந்து வேறு. ஒருவருக்கே இரண்டு சேர்ந்தும் வரலாம். இதை "லேடீஸ் பிராப்ளம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே மாத்திரையால் அடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிகிற வேலை. பட்டால் டாக்டரின் கைராசி, படாவிட்டால் பெண்ணின் அசுத்தம்.

பூஞ்சைக்கு 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் ஒரே ஒரு மாத்திரை. சாதாரணமாக எப்போதாவது வருகிற தொற்று என்றால் அது போதும், பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் கேட்டுவிடும். உடம்பில் நின்று நிதானமாக வெளியேறுகிற மருந்து என்பதால்தான் ஒரு வேளையே போதுமானதாக இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அது பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் இல்லை. பூஞ்சை இருக்கிற பெண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் காவலுக்கு இருக்கிற நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்து, பூஞ்சை இன்னும் கொழிக்கும். வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் பூஞ்சை வருகிறவர்களுக்கு ஒற்றை மாத்திரையோடு கதை முடிவதில்லை. வாரம் ஒன்றாக ஆறு மாதம் வரை கொடுக்கிற முறை இருக்கிறது. இது எதுவும் ரகசியம் இல்லை, சிகிச்சை வழிகாட்டிகளில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

பாக்டீரியல் வஜைனோசிஸ் விஷயம்தான் நம் காணொளி டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. இதற்கு மெட்ரோனிடசோல் என்கிற ஆன்டிபயாட்டிக்கை 2 கிராம் ஒரே வேளையாகக் கொடுப்பது ஒரு காலத்தில் வழக்கம். இருக்கிற சிகிச்சைகளிலேயே அதன் பலன்தான் குறைவு என்று தெரிந்து, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. அதைப் பரிந்துரையிலிருந்து எடுத்தே பல வருடம் ஆகிறது. இப்போது முதல் பரிந்துரை 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாள். இல்லாவிட்டால் உள்ளே வைக்கிற ஜெல், கிரீம். "அப்படியானால் அதே குடும்பத்து மருந்தான செக்னிடசோல்?" என்று கேட்பீர்கள். சரி, நியாயமான கேள்வி. மெட்ரோனிடசோலின் பாதி ஏழெட்டு மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும் என்றால், செக்னிடசோலுக்குப் பதினேழு மணி நேரம். அதனால் 2 கிராம் ஒரே வேளை என்பதில் அர்த்தம் இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்த அனுமதிக்குக் காரணமான இரண்டு ஆய்வுகளில் வந்த எண்களைக் கொஞ்சம் பாருங்கள். மூன்று நான்கு வாரம் கழித்துச் சோதித்தபோது, குணமானவர்கள் ஒன்றில் சுமார் 68 சதவீதம், இன்னொன்றில் 53 சதவீதம். வெற்று மருந்து சாப்பிட்டவர்களில் இருபதுக்கும் குறைவு. ஆக மருந்து வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் 53 என்றால் மீதி 47 பேர் இருக்கிறார்கள் இல்லையா? அந்த 47 பேரும் குளிக்காதவர்களா?

டிரைகோமோனாஸ் கதை இதைவிடத் தெளிவு. பல பத்தாண்டுகளாக இதற்கு ஒற்றை டோஸ்தான் ராஜா. 2018இல் ஓர் ஆய்வு வந்தது. மெட்ரோனிடசோலை 2 கிராம் ஒரே வேளை சாப்பிட்ட பெண்களில் ஒரு மாதம் கழித்தும் 19 சதவீதம் பேருக்குக் கிருமி இருந்தது. ஏழு நாள் சாப்பிட்டவர்களில் 11 சதவீதம். அதன் பிறகு 2021 சி.டி.சி. வழிகாட்டியில் பெண்களுக்கு ஏழு நாள் என்று மாற்றிவிட்டார்கள். ஆண்களுக்கு இன்னும் ஒற்றை டோஸ்தான். மருத்துவமே தன் கருத்தை மாற்றிக்கொள்கிறது, காணொளிகள்தான் மாற்றிக்கொள்ளாமல் அடம் பிடிக்கின்றன.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. நோயாளியாக இருந்திருக்கிறேன், அந்தத் தகுதி போதாதா?

எனக்கு இந்தத் தொந்தரவு வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். முதலில் பார்த்த டாக்டர், நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் சீட்டை எழுதிவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நான்கு பெரிய மாத்திரைகள், ஒவ்வொன்றும் 500 மில்லிகிராம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விழுங்க வேண்டும். அன்று முழுக்க வாயில் இரும்புச் சுவை, வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, பிறகு அதே வாடை. திரும்பப் போனேன். "உள்ளாடையை வெயிலில் காயப் போடுகிறீர்களா?" என்று கேட்டார். பிறகு அதே நான்கு மாத்திரை. அடுத்த முறை, "நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்" என்று அறிவுரை. கழுவினேன். தோல் எரிகிற அளவுக்குக் கழுவினேன்.

பிறகு வேறொரு டாக்டரிடம் போனேன், வயதான அம்மா. அவர் செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து, மேசை டிராயரில் இருந்த, அமிலத்தன்மையைக் காட்டுகிற பி.எச். தாளில் தொட்டார், நிறம் மாறியது. கண்ணாடித் துண்டில் தடவி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார், குப்பென்று மீன் வாடை. இன்னொரு துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்களும் பாருங்க" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டார். ஓரம் தெளிவில்லாமல், மேலே பொடி தூவினாற்போல் பாக்டீரியா அப்பிய செல்கள். அப்போது மணி பார்க்கவில்லை, ஆனால் எல்லாம் சேர்த்து ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. "பாக்டீரியல் வஜைனோசிஸ். இதுக்கு ஒரு வேளை மாத்திரை பத்தாது. ஆமா, சோப்பு போடச் சொன்னது யாரு?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சோப்புக் கேள்விக்கு ஏன் அழுகை வந்தது என்று சொல்கிறேன். யோனி தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற உறுப்பு. அங்கே லாக்டோபேசிலஸ் என்கிற பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து பி.எச். அளவை 4.5க்கு மேல் போகாமல் வைத்திருக்கின்றன. அந்த அமிலத்தன்மைதான் காவல். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, வாசனைத் திரவம் ஊற்றுவது எல்லாம் அந்தக் காவலைத்தான் கலைக்கும். உள்ளே கழுவுகிற பெண்களுக்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் அதிகமாக வருகிறது என்று ஆய்வு மேல் ஆய்வு சொல்கிறது. அதாவது "சுத்தமாக இருங்கள் சகோதரி" என்று நீங்கள் கும்பிட்டுக் கொடுத்த அறிவுரையைக் கேட்டு இன்று ஒரு பெண் உள்ளே கழுவினால், நாளைக்கு அவளுக்கு நோய் கூடும். கூடினால் மறுபடி உங்களிடம்தான் வருவாள். நீங்கள் மறுபடி கும்பிடுவீர்கள்.

சரி, எதிர்த் தரப்பில் நியாயமாக ஒன்று சொல்கிறார்கள். "ஏழு நாள் மாத்திரையை யார் முழுதாகச் சாப்பிடுகிறார்கள்? மூன்றாம் நாள் சரியானதும் நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் நிற்கிற ஏழு நாளைவிட முழுதாக விழுங்கிய ஒரு வேளை மேல்." இதை நான் மறுக்க மாட்டேன். திரும்ப வருவாரா என்றே தெரியாத பெண்கள் இருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் சாப்பிட வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஏழு நாள் மாத்திரை அட்டையை ஒளித்து வைப்பதே ஒரு போராட்டம். டாக்டரின் கண்முன்னேயே விழுங்கிவிட்டுப் போகிற ஒற்றை டோஸ் அவர்களுக்கு வரம். ஆய்வகமே இல்லாத ஊர்களுக்காக, அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கிற முறையை உலக சுகாதார நிறுவனமே வகுத்திருக்கிறது. இதெல்லாம் தெரியும். ஆனால் அதைச் சொல்லிக் கொடுங்களேன்! "அம்மா, இது ஒரு வேளை மருந்து. நிறையப் பேருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. திரும்ப வந்தால் வாருங்கள், சோதித்துப் பார்க்கலாம்." இவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் காணொளியின் ஆரம்ப இசையைவிடக் குறைவு.

"இதையெல்லாம் பொதுவெளியில் பேச வேண்டுமா?" என்று ஓர் அண்ணன் உள்பெட்டியில் வருத்தப்பட்டார். வேண்டாம் அண்ணா. நீங்கள் அடுத்த பதிவுக்குப் போய் அரசியல் பேசுங்கள்.

"ஆண்களை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று இன்னொருவர். நான் இன்னும் இழுக்கவே இல்லை, இப்போதுதான் இழுக்கப் போகிறேன். டிரைகோமோனாஸ் என்றால் துணைவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தே ஆக வேண்டும். அவருக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது, ஆனால் கிருமி இருக்கும். அவளுக்கு மட்டும் கொடுத்தால் அது அவளிடமே திரும்பி வரும். பாக்டீரியல் வஜைனோசிஸுக்கு ஆணுக்கு மருந்து வேண்டாம் என்றுதான் இத்தனை காலமும் சொல்லி வந்தார்கள். 2025 மார்ச்சில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அதையும் புரட்டிப் போட்டது. ஆணுக்கும் ஒரு வாரம் மாத்திரையும் பூசுகிற கிரீமும் கொடுத்தபோது, பன்னிரண்டு வாரத்துக்குள் நோய் திரும்பியது 35 சதவீதப் பெண்களுக்கு. பெண்ணுக்கு மட்டும் கொடுத்தபோது 63 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு அப்பட்டமாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வெயிலில் காயப் போட்ட உள்ளாடை, எரிகிற வரை போட்ட சோப்பு, சீட்டெழுதும்போது நிமிர்ந்து பார்க்காத அந்த முகம். ஒருவர்கூட, ஒரு தடவைகூட, "உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள்" என்று கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அவர் நல்ல மனிதர்தான், சொல்லியிருந்தால் வந்திருப்பார். சொல்லத்தான் ஆளில்லை. வாடை என்னிடமிருந்து வருகிறது, அதனால் தப்பும் என்னுடையது. அவ்வளவுதான் கணக்கு. பக்கத்தில் படுக்கவே கூசி, போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்த இரவுகளை எந்த ஆய்விலும் சதவீதமாகப் போட மாட்டார்கள். அந்தப் பெண்ணின் கேள்விக்குக் கீழே சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒருத்தி திரும்பிப் படுத்திருக்கிறாளோ.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மாத்திரையைப் பற்றித்தானே பேச வந்தேன்? மாத்திரை நல்ல மாத்திரை. பார்த்துக் கொடுங்கள். பார்க்க வசதியில்லை என்றால், பார்க்கவில்லை என்று சொல்லிக் கொடுங்கள். கேட்கவில்லை என்று திரும்பி வந்தால் அவளை உட்கார வைத்து, அப்போதாவது பாருங்கள்.

உள்பெட்டியில் மாத்திரைப் பெயர் கேட்காதீர்கள், நான் சொல்ல மாட்டேன். கர்ப்பமாக இருப்பவர்கள் யார் சொன்னாலும் ஃப்ளூகோனசோலைத் தானாக வாங்கிப் போட வேண்டாம். அந்த நேரத்தில் பூஞ்சைக்கு உள்ளே வைக்கிற மருந்துதான் கொடுப்பார்கள், அதுவும் ஏழு நாள். வெள்ளைப்படுதலோடு அடிவயிற்று வலியோ காய்ச்சலோ இருந்தால் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். "என் மனைவிக்கு எது நல்லது?" என்று கேட்டிருக்கிற இரண்டு மூன்று கணவர்களுக்கு: கூடவே நீங்களும் போய், அறைக்குள் உட்கார்ந்து, "எனக்கும் மருந்து வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பின்னூட்டத்தில் யாராவது சுத்தம், ஒழுக்கம் என்று ஆரம்பித்தால் பதில் சொல்லப் போவதில்லை, நேராக பிளாக்தான்.