ஏலியனுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

விண்வெளியில் விளக்கம் கிடைக்காத ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சிக்கு அது ஏலியன். நாசாவுக்கு எல்லாம் தெரியும், மூடி மறைக்கிறார்கள். இன்னொரு கட்சிக்கு அது சுத்தப் புருடா. வேறு வேலை இருந்தால் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு இரண்டு பக்கமும் ஒட்டவில்லை. மர்மங்கள் மீது எனக்குத் தீராத ஆசை உண்டு. அதனால்தான் அவற்றை இவ்வளவு சீக்கிரம் முடித்துவைக்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த விண்வெளி மர்மத்தில் ஏலியனே கிடையாது. 1972இல் பயனியர் 10, அடுத்த ஆண்டு பயனியர் 11 என்று இரண்டு விண்கலங்கள் கிளம்பின. வியாழனையும் சனியையும் பார்க்கிற வேலை முடிந்ததும் இரண்டும் வெவ்வேறு திசையில் சூரியக் குடும்பத்தை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தன. 1980 வாக்கில் ஜான் ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். கணக்குப்படி இருக்க வேண்டிய வேகம் கலங்களுக்கு இல்லை. மிக மிக லேசாகக் குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு லேசாக? ஆண்டுக்குச் சுமார் 38 கோடி கிலோமீட்டர் ஓடுகிற கலம், ஒரு வருடத்தில் சில நூறு கிலோமீட்டர் பின்தங்குகிற அளவுக்கு. அவ்வளவுதான். போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. ஏனென்றால் இரண்டு கலத்திலும் ஏறக்குறைய அதே அளவு, இரண்டிலும் சூரியன் இருக்கும் பக்கம் நோக்கி. யாரோ பின்னாலிருந்து மெல்ல இழுப்பதுபோல.

1998இல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்ததும் இயற்பியல் உலகமே பரபரப்பானது. தூரம் அதிகமானால் ஈர்ப்பு விதியே மாறுகிறதோ? கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் ஏதாவது வேலை காட்டுகிறதோ? நியூட்டனையும் ஐன்ஸ்டைனையும் திருத்தக் கிளம்பியவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் ஸ்லாவா துரிஷேவ் என்பவரும் அவரோடு சேர்ந்த சிலரும் வேறொரு வேலையில் இறங்கினார்கள். பழைய காந்த நாடாக்களைத் தேடிப் பிடித்தார்கள். எழுபதுகளில் பதிவானவை, படிக்கிற கருவிகூடச் சுலபத்தில் கிடைக்காதவை. அவற்றிலிருந்த தகவல்களை மீட்டு, கலத்தின் எந்தப் பகுதி எந்த நேரத்தில் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்குப் போட்டார்கள்.

2012இல் விடை வந்தது. சூடு. கலத்தில் இருந்த புளூட்டோனிய மின்னாக்கிகளும் மற்ற கருவிகளும் வெளியிட்ட வெப்பம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் போகவில்லை. போகிற திசையில் கொஞ்சம் அதிகமாகக் கசிந்தது. வெப்பக் கதிர் முன்பக்கம் போனால் கலத்தைப் பின்பக்கம் தள்ளும். அந்த நுண்ணிய தள்ளல்தான் முப்பது வருட மர்மம்.

ப்ச், இவ்வளவுதானா என்று சிலர் நினைக்கலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பல நூறு கோடி கிலோமீட்டர் தள்ளி ஓடுகிற ஒரு இயந்திரத்தை அதன் சொந்த உடம்புச் சூடு எவ்வளவு தள்ளுகிறது என்பதை, இங்கே உட்கார்ந்தபடி, வருகிற ரேடியோ அலையின் அதிர்வெண்ணை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏலியன் வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு புல்லரித்திருக்காது. (சரி, பொய். வந்திருந்தால் புல்லரித்திருக்கும்.)

இதைச் சொன்னால், "அப்போ ஏலியன் என்று யோசிப்பதே தப்பா?" என்று சண்டைக்கு வருவார்கள். யார் சொன்னது? 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், ரேடியோ தொலைநோக்கி கக்கிய நீளமான காகிதச் சுருளில் ஒரு சின்னக் கிறுக்கலைப் பார்த்தார். நெருங்கிப் பார்த்தால் 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் தோற்றுப்போகும் துல்லியம். அந்தக் குழுவே பாதி விளையாட்டாக அதற்குக் 'குட்டிப் பச்சை மனிதர்கள்' என்று பெயர் வைத்தது. யோசிக்கத்தான் செய்தார்கள். ஆனால் யோசித்ததோடு நிற்கவில்லை. பெல் தேடிக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் வானத்தின் இன்னொரு மூலையில் அதேபோல இன்னொரு துடிப்பு கிடைத்தது. இரண்டு வெவ்வேறு ஏலியன் கூட்டம், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, நம்மையே கூப்பிடுவார்களா? மாட்டார்கள். அது இயற்கை. வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன், பல்சர். 1974இல் அதற்காக நோபல் பரிசு கொடுத்தபோது பெல்லை விட்டுவிட்டு அவருடைய மேற்பார்வையாளருக்குக் கொடுத்தார்கள். அந்த எரிச்சலைத் தனியாக ஒரு பதிவில்தான் கொட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல வருடங்களாக வந்துகொண்டிருந்த ஒரு மாய சிக்னல், கடைசியில் அங்கே இருந்த மைக்ரோவேவ் அடுப்பை அது நிற்பதற்குள் திறந்ததால் வந்தது என்று 2015இல் தெரிந்த கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லாரும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சிரிக்காமல் யோசித்தால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. அடுப்பிலிருந்து வந்ததைக் கழித்துக்கட்டிய பிறகும், தொலைதூரப் பால்வெளிகளிலிருந்து சில மில்லிவிநாடிகளே நீடிக்கும் ரேடியோ வெடிப்புகள் உண்மையிலேயே வருகின்றன என்பது மிஞ்சியது. அடுப்பைச் சந்தேகப்பட்டதால்தான் அந்த மர்மம் மரியாதையோடு நிற்கிறது. 2020இல் நம் பால்வெளிக்குள்ளேயே ஒரு காந்த விண்மீன், அதாவது மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன், அதே மாதிரி வெடித்துக் காட்டியது. அதனால் பாதிக் கதை விளங்கியது, மீதி இன்னும் இல்லை.

விளங்காமலே நிற்பவையும் உண்டு. 1977 ஆகஸ்ட் 15, அமெரிக்காவின் ஒஹாயோவில் இருந்த 'பெரிய காது' என்ற தொலைநோக்கி. ஹைட்ரஜனின் அலைவரிசைக்குப் பக்கத்தில், 72 விநாடி நீடித்த ஒரு வலுவான சிக்னல். சில நாள் கழித்து அச்சுத் தாளைப் பார்த்த ஜெர்ரி ஏமன் சிக்னலின் வலுவைக் குறித்த எழுத்துகளை வட்டமிட்டு ஓரத்தில் "வாவ்!" என்று எழுதிவைத்தார். அந்த 72 விநாடி சும்மா வந்த எண் இல்லை. தொலைநோக்கி நிலையாக நிற்க, பூமி சுழலும்போது வானத்தின் ஒரு புள்ளி அதன் பார்வையைக் கடக்க ஆகும் நேரம் அதுதான். ஆக, சிக்னல் வானத்திலிருந்து வந்ததாகவே தெரிகிறது. ஆனால் அந்தத் தொலைநோக்கிக்கு இரண்டு ஏற்பிகள். சில நிமிட இடைவெளியில் இரண்டுமே அந்தப் புள்ளியைக் கடந்திருக்கும். ஒன்றில்தான் பதிவாகியிருந்தது. அப்புறம் எத்தனையோ பேர் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

ஏமன் என்ன சொன்னார் தெரியுமா? இவ்வளவு குறைந்த தகவலை வைத்துப் பெரிய முடிவுக்குப் போக முடியாது என்றார். கண்டுபிடித்தவரே அப்படிச் சொல்கிறார். நமக்குத்தான் பொறுமை இல்லை. அந்தத் தொலைநோக்கியை 1998இல் இடித்துவிட்டார்கள். எதற்கு? பக்கத்திலிருந்த கோல்ஃப் மைதானத்தைப் பெரிதாக்க. மனிதகுலத்தின் எதிர்காலம் பற்றி எனக்கு எப்போதாவது அவநம்பிக்கை வந்தால் இந்தத் தகவலும் அதற்கு ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய மர்மம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்வர்டு செய்வதில்லை. நம் கண்ணுக்கும் கருவிக்கும் தட்டுப்படும் பொருள், அதாவது விண்மீன், கோள், நீங்கள், நான் எல்லாம் சேர்ந்து பிரபஞ்சத்தில் சுமார் 5 சதவீதம். கரும்பொருள் 27 சதவீதம் வாக்கில். மீதி கரும் ஆற்றல். இரண்டும் என்னவென்றே தெரியாது. 1970இல் வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவை அளந்தபோது, விளிம்பில் இருக்கும் பொருள் எல்லாம் மெதுவாகச் சுற்ற வேண்டியதற்குப் பதிலாக வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிடித்துவைத்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் தேடியும் அதன் ஒரு துகளைக்கூடக் கையில் பிடிக்கவில்லை. பெரிய கண்ணும் பச்சைத் தோலும் இருந்திருந்தால் கரும்பொருளும் பிரபலமாகியிருக்கும், பாவம்.

சரி, யாராவது இருக்கிறார்களா இல்லையா? 1950இல் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி சாப்பாட்டு மேசையில் கேட்டதாகச் சொல்லப்படும் அதே கேள்வி: அப்படியானால் எல்லாரும் எங்கே? வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களை இதுவரை 6,000க்கும் மேல் உறுதிசெய்துவிட்டோம். முதன்முதலாகச் சூரியன் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோள் தெரியவந்தது 1995இல்தான். வீடுகள் நிறைய இருக்கின்றன, விளக்குதான் எங்கேயும் எரியக் காணோம். ஆனால் எவ்வளவு தேடியிருக்கிறோம் என்று பார்த்தால் வாய் அடைத்துவிடும். இந்தத் தேடலிலேயே வாழ்க்கையைக் கழித்த ஜில் டார்ட்டர், கடலில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரை மொண்டு பார்த்துவிட்டு மீனே இல்லை என்று சொல்வதுபோல என்றார். பிற்பாடு வேறு சிலர் கணக்குப் போட்டு, தம்ளர் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது என்றார்கள். கடல் கடல்தான்.

என் ஊகம் இது, ஆதாரம் கேட்காதீர்கள்: எங்காவது உயிர் இருக்கும், பெரும்பாலும் நுண்ணுயிராக. பேசத் தெரிந்தவர்கள் மிக அரிது. இருந்தாலும் தூரமும் காலமும் நம்மைச் சந்திக்க விடாது. வாயேஜர் 1 என்ற விண்கலம் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே வேகத்தில் மிகப் பக்கத்து விண்மீனுக்குப் போக எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே, யாரும் வந்து காப்பாற்றப் போவதில்லை என்று வைத்துக்கொண்டுதான் நாம் திட்டம் போட வேண்டும்.

திட்டம் என்றதும் செவ்வாய்க்குக் குடிபோவதைச் சொல்வார்கள். மனிதன் செவ்வாய்க்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆய்வு செய்யப் போகட்டும். ஆனால் பூமி கெட்டுப்போனால் தப்பிக்கிற இடமாக அதைக் காட்டுவதை ஏற்க முடியாது. பூமியின் காற்றழுத்தத்தில் ஒரு சதவீதம்கூட அங்கே இல்லை. கதிர்வீச்சைத் தடுக்க முழுக் கோளையும் சுற்றிய காந்தப்புலம் இல்லை. மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பத்துக் கிலோமீட்டர் அகலக் குறுங்கோள் விழுந்து முக்கால்வாசி உயிரினங்கள் அழிந்தனவே, அன்றைய பூமிகூட இன்றைய செவ்வாயைவிட வாழத் தகுந்த இடம். நம் மூதாதைகளான சின்னப் பாலூட்டிகள் அதில் பிழைத்தன. செவ்வாயில் விட்டிருந்தால் ஒரு நிமிடம் தாங்கியிருக்காது.

எனக்கு எதிர்காலம் பற்றி நம்பிக்கை வருவது வேறு இடத்தில். 2023 நவம்பரில் வாயேஜர் 1 திடீரென்று அர்த்தமில்லாத தகவலை அனுப்ப ஆரம்பித்தது. 1977இல் கிளம்பிய கலம். அதன் கணினியின் நினைவகம் இன்றைக்கு ஒரு சின்னப் புகைப்படத்துக்குக்கூடப் போதாது. ஒரு கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. வடிவமைத்தவர்களில் பலர் இப்போது இல்லை. பழைய காகித ஆவணங்களைப் புரட்டி, நினைவகத்தில் ஒரு சில்லு செத்துப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த நிரலை மொத்தமாக வைக்க வேறெங்கும் இடமில்லை. துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த மூலைகளில் செருகி, துண்டுகள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும்படி மாற்றி எழுதி அனுப்பினார்கள். 2024 ஏப்ரலில் கலம் மறுபடி ஒழுங்காகப் பேசியது. தான் ஆரம்பிக்காத ஒரு வேலையை, தனக்கு எந்த லாபமும் இல்லாமல், இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் நம்மில் இருக்கிறார்கள்.

அப்புறம் டார்ட். 2022 செப்டம்பரில் நாசா ஒரு கலத்தை டைமார்ஃபோஸ் என்ற குட்டிக் குறுங்கோள் மீது வேண்டுமென்றே மோதவிட்டது. அது தன் பெரிய துணையைச் சுற்றும் நேரம் 73 விநாடி குறைந்தாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. ஒரு உயிரினம் தானாக முயன்று ஒரு வான்பொருளின் பாதையைத் தெரிந்தே மாற்றியது, நாம் அறிந்தவரை, இதுவே முதல்முறை. டைனோசர்களுக்கு வாய்க்காத வசதி. இது வந்த அன்று தலைப்புச் செய்தி, மறுநாள் மறந்தாச்சு.

இப்போது சிலியில் வீரா ரூபின் பெயரிலேயே ஒரு ஆய்வகம் வேலை ஆரம்பித்திருக்கிறது. 2025 ஜூனில் முதல் படங்கள் வந்தன. பத்து வருடம், சில இரவுகளுக்கு ஒருமுறை, தென்வானம் முழுவதையும் மறுபடி மறுபடி படமெடுக்கப் போகிறது. குறுங்கோள்கள் லட்சக்கணக்கில் சிக்கும். 2017இல் வந்துபோன ஔமுவாமுவா, 2019இல் போரிசோவ், 2025இல் அட்லஸ் என்று வேறு விண்மீன்களின் வட்டாரத்திலிருந்து இதுவரை மூன்றே மூன்று விருந்தாளிகளைப் பார்த்திருக்கிறோம். இனி அடிக்கடி பார்ப்போம். ஔமுவாமுவா வால் எதுவும் தெரியாமல் லேசாக வேகம் கூடியது ஏன் என்று இன்னும் வாதம் முடியவில்லை. அதற்குள் ஏலியன் கப்பல், பாய்மரம் என்று எத்தனை கதை! அட்லஸ் வால்நட்சத்திரம் என்று தெரிந்த பிறகும் சிலர் விடவில்லை. நான்காவது வரட்டும். முதல் மாதம் நான் வாயைத் திறக்கப்போவதில்லை, கமெண்டில் வந்து கேட்டாலும் சரி.